மொட்டை மாடியில் ஒரு ஊதா மேஜிக்!

முப்பது மில்லி பாட்டில். காதுக்கு மருந்து விடுற மாதிரி ஒரு டிராப்பர் மூடி. லேபிள்ல அழகா ஒரு சிவப்புப் பழம். பேரு, ரோஸ்ஹிப் ஆயில். விலையைப் பார்த்தீங்கன்னா தாம்பரம் டு பீச் சீசன் டிக்கெட்டை ரெண்டு மூணு மாசத்துக்குச் சேர்த்தே எடுத்துடலாம் போல இருக்கும். ஹாஸ்டல்ல ஒருத்தி வாங்கி வெச்சா போதும், அந்த ரூம் முழுக்க நாலு நாளைக்கு அதே பேச்சுதான். "கடையில ஏன் வாங்கணும்? வீட்லயே செஞ்சுக்கலாமே..." என்று அந்தக் கூட்டத்துல ஒரு விஞ்ஞானி கண்டிப்பா கிளம்புவார்.

செய்யலாமா? முதல்ல அதைப் பார்த்துடுவோம்.

ரோஸ்ஹிப் என்பது ரோஜாவோட காய். என்னது, ரோஜா காய்க்குமா என்று கேக்காதீங்க. நம்ம வீட்டுப் பன்னீர் ரோஜாவை விடிஞ்சதும் பறிச்சு ஜடையில வெச்சுடறோம், இல்லைன்னா சாமிக்குப் போட்டுடறோம். அப்புறம் எங்கேயிருந்து காய்க்கும்? குளிர் நாடுகள்ல வேலியோரம் தானா வளர்ற காட்டு ரோஜாக்களை யாரும் பறிக்கறதில்லை. இதழ் உதிர்ந்ததும் அடியில உருண்டையா ஒரு சிவப்புக் காய் நிக்கும். அதுக்குள்ள கல்லு மாதிரி விதைகள். தென் அமெரிக்காவில் சிலி நாட்டுப் பக்கம் இந்த ரோஜா புதர் புதரா மண்டிக் கிடக்கு. அந்த விதையைப் பிழிஞ்சு எடுக்கறதுதான் நிஜமான ரோஸ்ஹிப் எண்ணெய். விதையில எண்ணெய் ரொம்பக் கொஞ்சம். அதைப் பிழிய மிஷின் வேணும். உங்க வீட்டு மிக்ஸியில போட்டீங்கன்னா பிளேடு போகும், அம்மா கையால திட்டு கிடைக்கும், எண்ணெய் கிடைக்காது.

அப்போ 'வீட்லயே ரோஸ்ஹிப் ஆயில்' என்று சொல்றாங்களே, அது என்ன? காய்ஞ்ச பழத்தை வாங்கி, ஆலிவ் எண்ணெயிலயோ பாதாம் எண்ணெயிலயோ ஊற வெச்சு வடிகட்டறது. கெட்டது இல்லை. ஆனா உங்க கையில இருக்கறது தொண்ணூத்தொம்பது பங்கு ஆலிவ் எண்ணெய்தான். 'வைட்டமின் சி நிறைய இருக்கு' என்று வேற சொல்வாங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்துல ஆரஞ்சுப் பழம் கிடைக்காத இங்கிலாந்துல ஸ்கூல் பசங்களை விட்டு இந்தக் காயைப் பொறுக்க வெச்சு, சிரப் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தது வாஸ்தவம்தான். ஆனா வைட்டமின் சி தண்ணியில கரையற சமாச்சாரம். சிரப்புக்குள்ள போகும், எண்ணெய்க்குள்ள வராது. இன்னொரு கூத்து கேளுங்க... காய்க்குள்ள விதையைச் சுத்தி மெல்லிசா முடி மாதிரி ஒண்ணு இருக்கும். வெள்ளைக்காரப் பசங்க அதைத்தான் பக்கத்து பெஞ்ச்காரன் சட்டைக்குள்ள போட்டு விட்டு, அவன் சொறியறதைப் பார்த்துச் சிரிப்பாங்க. சரியா சுத்தம் பண்ணாத பழத்தை ஊற வெச்சு முகத்துல தடவினா என்ன ஆகும் என்று யோசிச்சுக்கோங்க!

ஆக, ரோஸ்ஹிப்பை சிலிக்காரங்களுக்கே விட்டுடுவோம். ஆனா அந்த 'இலையையோ பழத்தையோ எண்ணெயில போட்டு வெயில்ல வைக்கற' ஐடியா இருக்கே, அது நமக்குப் புதுசா என்ன? சித்த மருத்துவத்துல அதுக்குப் பேரே இருக்கு... சூரிய புடம். அடுப்பே இல்லாம, வெயிலையே அடுப்பா வெச்சு மருந்து செய்யறது. அதுக்கு அருமையான ஒரு உதாரணம் வெட்பாலைத் தைலம். அதைப் பத்தி விசாரிக்கணும்னா உங்க லோக்கல் ட்ரெயின்ல தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன்ல இறங்கினா போதும்.

சானடோரியத்துல இறங்குங்க!

தாம்பரம் சானடோரியம் என்ற பேரே ஒரு ஆஸ்பத்திரியால வந்தது. 1928-ல் காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு சானடோரியம் ஆரம்பிச்சாங்க. காசநோய்க்கு மாத்திரை கண்டுபிடிக்காத காலம் அது. நல்ல காத்து, நல்ல வெயில், நல்ல சாப்பாடு, ஓய்வு... இதுதான் வைத்தியம். ஊருக்கு வெளியில, காடு மாதிரி கிடந்த இடம் என்பதால இங்கே வந்தாங்க. இன்னிக்கு ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்குல நின்னுக்கிட்டு 'நல்ல காத்துக்காகத்தான் இங்கே வந்தாங்களாம்' என்று சொன்னா ஆட்டோக்காரர் நம்ப மாட்டார்.

அதே சானடோரியத்துலதான் மத்திய அரசோட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. 2005 செப்டம்பர்ல அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்து வெச்சார். சித்த மருத்துவத்துல பட்ட மேற்படிப்பு படிக்கறவங்க இங்கே படிக்கறாங்க. கூடவே ஒரு ஆஸ்பத்திரியும் நடக்குது. அதோட பேரு அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை. 'தமிழன்' பத்திரிகையை நடத்தின அதே அயோத்திதாசர்தான். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. 1907-ல் அவர் அந்தப் பத்திரிகையை ஆரம்பிச்சப்போ அதோட பேரு 'ஒரு பைசாத் தமிழன்'. விலை என்ன என்று கேக்கவே வேணாம்!

இந்த மாதிரி சித்த ஆஸ்பத்திரிகளுக்குத் தோல் பிரச்னைகளோட வர்றவங்க நிறைய. அதுல முக்கியமானது சோரியாசிஸ். சித்த மருத்துவத்துல காளாஞ்சகப்படை என்பாங்க. அதுக்கு மேல்பூச்சா சித்த மருத்துவர்கள் கொடுக்கற எண்ணெய்களைச் சொல்லச் சொன்னா, முதல் வரிசையிலேயே வர்றது வெட்பாலைத் தைலம்தான்.

மே மாசத்துல முழுக்கை சட்டை

ஒரு நிமிஷம். எண்ணெய்க்குள்ள போறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்.

உங்க க்ளாஸ்லயே ஒரு பையன் இருப்பான். அக்னி நட்சத்திரத்துல எல்லாரும் காலரைத் தூக்கி விட்டு விசிறிக்கிட்டு இருக்க, அவன் மட்டும் முழுக்கை சட்டையில பட்டன் வரைக்கும் போட்டிருப்பான். ஒரு பொண்ணு இருப்பா. கறுப்பு துப்பட்டாவே போட மாட்டா, தோள்ல வெள்ளையா உதிர்றது தெரிஞ்சிடும் என்று. ட்ரெயின்ல கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினா முழங்கையில இருக்கற செதில் தெரியுமே என்று ஓரமா சாய்ஞ்சு நிப்பாங்க. கல்ச்சுரல்ஸ்ல பேர் கொடுக்க மாட்டாங்க. நாம 'சீன் போடறான்' என்று ஈஸியா சொல்லிட்டுப் போயிடுவோம்.

சோரியாசிஸ் ஒட்டுவாரொட்டி கிடையாது. பக்கத்துல உட்கார்ந்தா, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா, ஒரே சீப்புல தலை வாரினா... எப்படியும் வராது. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி கொஞ்சம் ஓவரா வேலை செய்யறதால வர்றது. சாதாரணமா தோல் தன்னைப் புதுப்பிச்சுக்க ஒரு மாசம் ஆகும் என்றால், இவங்களுக்கு நாலஞ்சு நாள்லயே நடக்கும். பழைய தோல் உதிர நேரமில்லாம அடுக்கடுக்கா சேர்ந்து வெள்ளைச் செதிலா நிக்கும். முழங்கை, முழங்கால், தலை... இதெல்லாம் அதோட ஃபேவரிட் ஸ்பாட்கள். நிறைய பேருக்குக் காலேஜ் வயசுலதான் முதல்ல எட்டிப் பார்க்கும். டென்ஷன் வந்தா ஏறும். எக்ஸாம் டைம்ல ஏறலைன்னாதான் ஆச்சரியம்!

வந்ததும் என்ன செய்யறோம்? தலையில வந்தா பொடுகு என்று நினைச்சு ஷாம்பூ மாத்தறோம். கையில வந்தா மெடிக்கல் ஷாப்ல போய், "அண்ணே, அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க." அண்ணனும் கொடுத்துடுவார். நாலே நாள்ல சூப்பரா மறைஞ்சிடும். காரணம், அதுல பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால் மாதிரி ஏதோ ஒரு ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் பார்த்து, எத்தனை நாள், எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தா அது நல்ல மருந்துதான். நாமளே மாசக்கணக்குல தடவினா தோல் மெலிஞ்சு போகும், நிறுத்தினதும் முன்னைவிட மோசமா திரும்பி வரும். இந்தக் கூத்து எல்லை மீறிப் போனதால 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. சட்டம் இருக்கு. 'அண்ணே...' என்று கூப்பிடற நம்ம குரலும் அப்படியேதான் இருக்கு!

வெட்பாலைத் தைலத்தை நான் சிபாரிசு பண்றது இந்த இடத்துலதான். அது சோரியாசிஸை ஒழிச்சுடும் என்பதற்காக இல்லை. ஸ்டீராய்டையும் வெட்பாலையையும் ஒரே தராசுல வைக்கவும் முடியாது. செதில் மென்மையாகி உதிர, வறட்சி குறைய, அரிப்பு அடங்க வீட்லயே தடவிக்கக் கூடிய ஒரு நல்ல எண்ணெய் அது. டாக்டர் மருந்துக்குத் துணை. அவ்வளவுதான் அதோட ரோல். அந்த ரோல்ல அது நல்லாவே நடிக்குது.

பச்சை இலை... ஊதா எண்ணெய்!

வெட்பாலை ஒரு குட்டி மரம். வறண்ட குத்துக்காடுகள்ல தானா வளரும். 'வெப்பாலை', 'பாலை' என்றும் சொல்வாங்க. ஐந்திணையில வர்ற பாலைக்குப் பேரு கொடுத்ததே இந்த மரம்தான் என்று சொல்றவங்க உண்டு, இல்லை என்று சண்டைக்கு வர்றவங்களும் உண்டு. எக்ஸாம்ல எழுதி வெச்சுட்டு என்னைத் திட்டாதீங்க. கர்நாடகாவுல சென்னபட்டணா மரபொம்மை பார்த்திருப்பீங்க, வழவழன்னு கலர் கலரா. அந்த பொம்மைகளைக் கடையறது பெரும்பாலும் இந்த மரத்துலதான்.

தாவரவியல் பேரு ரைட்டியா டிங்க்டோரியா. 'டிங்க்டோரியா' என்றால் சாயத்துக்கு உதவறது என்று அர்த்தம். 18-ம் நூற்றாண்டு கடைசியில கிழக்கிந்தியக் கம்பெனியோட தாவரவியல் நிபுணர் ராக்ஸ்பர்க், இந்த இலையிலிருந்து அவுரி மாதிரியே நீலச் சாயம் எடுக்கலாம் என்று எழுதி வெச்சார். அந்தச் சாய விஷயம்தான் நம்ம பாட்டில்லயும் வேலை செய்யுது.

பச்சை இலையைக் கிள்ளி வெள்ளை வெளேர்னு இருக்கற தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வைங்க. காலையில வெச்சா சாயங்காலத்துக்குள்ள எண்ணெய் லேசா ரோஸ் கலர்ல திரும்பும். மறுநாள் நாவல்பழம் கலர். மூணாம் நாள் நல்ல கருஊதா. முதல் தடவை பார்க்கும்போது நிஜமாவே மேஜிக் மாதிரி இருக்கும். பச்சை இலைக்குள்ள ஊதா எங்கே ஒளிஞ்சிருந்தது? இலை முழுசா இருக்கும்போது அந்தச் சாயப் பொருளுக்கு நிறம் கிடையாது. கிழிஞ்சு காத்து பட்டதும்தான் மாற ஆரம்பிக்கும். இண்டிகோ என்ற நீலமும், இண்டிருபின் என்ற சிவப்பும் இந்த இலையில இருக்கு என்று ஆராய்ச்சியாளர்கள் பிரிச்சே காட்டியிருக்காங்க. நீலமும் சிவப்பும் சேர்ந்தா என்ன கலர் என்று எல்.கே.ஜி.யிலயே படிச்சாச்சு.

இண்டிருபின் பேரைக் கேட்டா தோல் டாக்டர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாங்க. சீன மருத்துவத்துல இன்னொரு வகைச் செடிகள்லேருந்து எடுக்கற நீலப்பொடி ஒண்ணு இருக்கு. அதுலயும் இதே இண்டிகோ, இண்டிருபின்தான். அந்தப் பொடியில களிம்பு செஞ்சு தைவான்ல சோரியாசிஸ் உள்ள 42 பேர்கிட்ட 12 வாரம் தடவிப் பார்த்தாங்க. 2008-ல் வெளிவந்த அந்த ஆய்வுல, வெறும் களிம்பு தடவின இடத்தைவிட மருந்துக் களிம்பு தடவின இடம் நல்லாவே தேறியிருந்தது. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1980-கள்ல, மத்திய அரசோட சித்த ஆராய்ச்சிப் பிரிவு சென்னையில வெட்பாலை எண்ணெயை '777 எண்ணெய்' என்ற பேர்ல காளாஞ்சகப்படை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கு. ஆனா ஒண்ணு... தைவான்காரங்க தடவினது வேற செடி, வேற களிம்பு. ஆஸ்பத்திரியில கொடுத்தது அளந்து செஞ்ச மருந்து. நீங்க மொட்டை மாடியில வெச்சிருக்கற ஊறுகாய் பாட்டிலுக்கு அந்த ரிசல்ட்டை அப்படியே ஒட்ட வைக்கக் கூடாது.

சரி, செய்வோமா?

முதல் வேலை, சரியான இலை. இதுல கோட்டை விட்டா மத்ததெல்லாம் வேஸ்ட். வெட்பாலையில இலைகள் ஜோடி ஜோடியா, எதிரெதிரா இருக்கும். கிள்ளினா வெள்ளைப் பால் வரும். கோடையில மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ. காய்தான் சரியான அடையாளம்... முருங்கைக்காய்க்குத் தம்பி மாதிரி ரெண்டு நீளக்காய் ஜோடியாத் தொங்கும், நுனியில ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அரளியும் இதே குடும்பம்தான், அதுவும் விஷம். அரளியில ஒரே இடத்துல மூணு மூணு இலையா வரும். பொன்னரளியில ஒண்ணு விட்டு ஒண்ணா வரும். 'பாலை' என்று பேரு முடியற மரங்களே நாலஞ்சு இருக்கு. குடசப்பாலையைக் காட்டி இதுதான் என்று சொல்றவங்க உண்டு. அதுல ரெண்டு காயும் ஒட்டாம தனித்தனியா தொங்கும். சந்தேகம் இருந்தா உங்க காலேஜ் பாட்டனி டிபார்ட்மெண்ட்ல ஒரு கொத்தை நீட்டுங்க. லேப்ல நுழைய ஒரு சாக்கு கிடைச்ச மாதிரியும் ஆச்சு! கடைசி டெஸ்ட்டை எண்ணெயே வெச்சுடும். ரெண்டு நாள் நல்ல வெயில்ல வெச்சும் ஊதா வரலைன்னா அது வெட்பாலை இல்லை. யோசிக்காம கொட்டிடுங்க.

இலைக்காக வண்டலூர் பக்கமோ நன்மங்கலம் பக்கமோ காப்புக்காட்டுக்குள்ள பையோட கிளம்பிடாதீங்க. அங்கே ஒரு இலை பறிச்சாலும் தப்பு. நர்சரியில சொல்லி வெச்சா கன்று கிடைக்கும். தொட்டியில வைக்கறதைவிடத் தரையில வெச்சா நல்லா வரும், பெரிசா தண்ணியும் கேக்காது. சொந்த ஊர்ல தோட்டம் இருக்கற ஃப்ரெண்டு இருந்தா இன்னும் சுலபம். திங்கட்கிழமை பேக்ல இலை வந்துடும். பனிக்காலம் முடியற சமயத்துல இந்த மரம் இலையை உதிர்த்துட்டு மொட்டையா நிக்கும். அப்போ போய்க் கேட்டா கிடைக்காது. சித்திரை, வைகாசியில புது இலை தழைச்சிருக்கும்போது வெயிலும் கொளுத்தும். நமக்கு அதுதான் சீசன்.

இலையில ஈரம் இருக்கவே கூடாது. இந்த முழுக் கட்டுரையில ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும் என்றால், இந்த வரி இருக்கட்டும். பனி காய்ஞ்ச பிறகு பறிங்க. தூசி இருந்தா சுத்தமான துணியால துடைங்க. கழுவியே ஆகணும் என்றால், கழுவிட்டு நிழல்ல ஃபேன் காத்துல ஒரு சொட்டு ஈரம் இல்லாம உலர்த்துங்க. ஆனா வாடிச் சருகாக விடாதீங்க, பச்சை இலைதான் வேணும். கத்தியால நறுக்காம கையாலயே ரெண்டு மூணாக் கிழிக்கச் சொல்வாங்க பெரியவங்க, இரும்பு படக் கூடாதாம். காரணம் கேட்டா 'அப்படித்தான்' என்பாங்க. கிழிக்கறது நறுக்கறதைவிட ஈஸி என்பதால நான் எதிர்த்துப் பேசலை.

கண்ணாடி பாட்டில் ஒண்ணு எடுத்து, கழுவி, வெயில்ல முழுசாக் காய வைங்க. கிழிச்ச இலையை அமுக்காம முக்கால் பாட்டிலுக்குப் போடுங்க. மேல தேங்காய் எண்ணெய் ஊத்துங்க. சேலையூர், மேடவாக்கம் என்று இப்போ எந்த ஏரியாவுலயும் மரச்செக்கு போர்டைப் பார்க்கலாம். அந்த எண்ணெய் போதும். வாசனை சேர்த்த ஹேர் ஆயில் வேண்டாம். இலை எண்ணெய்க்கு வெளியில தலை நீட்டவே கூடாது, ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் மேல நிக்கணும். முதல் தடவையே ஒரு லிட்டர் செய்யாதீங்க. கால் லிட்டர் போதும், ரெண்டு மூணு மாசத்துக்கு வரும். வாயை மெல்லிய துணியால கட்டிடுங்க. இலையிலிருந்து கிளம்பற ஈரம் வெளியில போகணும், காக்கா உள்ளே வரக் கூடாது. காலையில மொட்டை மாடி, சாயங்காலம் வீட்டுக்குள்ள. தினம் ஒரு தடவை காய்ஞ்ச மரக்குச்சியால கிளறி விடுங்க. மூணுலேருந்து அஞ்சு நாள். வெயில் சுமாரா இருந்தா ஒரு வாரம். பிறகு துணியில வடிகட்டி, ஒரு நாள் அசையாம வெச்சு, அடியில தங்கற கசடை விட்டுட்டு மேல இருக்கற தெளிவை மட்டும் கறுப்பு பாட்டில்ல ஊத்தி வைங்க. சிக்கு வாசனை வந்தா தூக்கிப் போட்டுடுங்க. ஈரக் கையை விட்டு எடுக்காதீங்க.

நானும் ஒரு தடவை 'வெயில் வந்துடும்' என்ற நம்பிக்கையில ஐப்பசி மாசத்துல செஞ்சேன். இலையைக் கழுவிட்டு அவசரத்துல அப்படியே போட்டேன். மூணு நாள் அடைமழை. நாலாம் நாள் திறந்து பார்த்தா மேல வெள்ளையா பஞ்சு மாதிரி பூசணம், கூடவே ஒரு புளிச்ச வாடை. 'கொஞ்சம் வடிகட்டினா சரியாயிடும்' என்று மனசு சொல்லும், கேக்காதீங்க. புண்ணும் வெடிப்பும் இருக்கற தோல்ல அந்த எண்ணெயைத் தடவினா வேற கிருமியை நாமளே கூப்பிட்டு விருந்து வைக்கற மாதிரி. செக்கு எண்ணெய் காசு போனது போனதுதான்.

தடவறதுக்கு முன்னாடி...

முழங்கை மடிப்புல உள்பக்கமா ஒரு சொட்டு தடவி ரெண்டு நாள் பாருங்க. சிவந்தாலோ, எரிஞ்சாலோ, தடிச்சாலோ உங்களுக்கும் வெட்பாலைக்கும் ராசி இல்லை. ஒண்ணும் ஆகலைன்னா குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி செதில் இருக்கற இடத்துல மெல்லமா தடவுங்க. செதிலை நகத்தால பேர்க்காதீங்க. ரத்தம் கசியற இடத்துலயும், சீழ் வெச்ச இடத்துலயும் வேண்டாம். உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

முகப்பருவுக்கு? ஸாரி பாஸ், வேண்டாம். இதுல பாதி மேஜிக் தேங்காய் எண்ணெயோடது. அதே தேங்காய் எண்ணெய், பரு வர்ற முகத்துல துவாரத்தை அடைச்சு இன்னும் நாலு பருவைக் கூட்டிக்கிட்டு வரும். கலர் கொடுக்குமா என்று கேக்கறவங்களுக்கு... கொடுக்கும், ஊதா கலர்!

பொடுகு? அதுவும் கொஞ்சம் பார்த்துத்தான். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசை என்றால் பிரியாணி மாதிரி. வெட்பாலையும் செம்பருத்தியும் சேர்ந்த ஒரு மருந்து அந்தப் பூஞ்சையை அடக்குது என்று லேப்ல பார்த்திருக்காங்கதான். ஆனா எண்ணெயை ராத்திரி முழுக்க ஊற விட்டு, மறுநாளும் தலை அலசாம காலேஜுக்கு வந்தீங்கன்னா பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். ஒரு மணி நேரம் வெச்சு நல்லா அலசிடுங்க.

டாக்டர்கிட்ட ஏற்கெனவே மருந்து எடுத்துக்கிட்டு இருக்கறவங்க இதை நம்பி அதை நிறுத்தாதீங்க. அதுலயும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உடம்பு முழுக்கச் சிவந்து ஆஸ்பத்திரியில படுக்கற நிலைமைகூட வரலாம். காலையில எழுந்ததும் விரல் மூட்டு மடங்காம இறுகியிருந்தாலோ, நகத்துல குண்டூசியால குத்தின மாதிரி குழிகள் விழுந்தாலோ எண்ணெய் பாட்டிலை ஓரமா வெச்சுட்டு உடனே தோல் டாக்டரைப் பாருங்க. சோரியாசிஸ் மூட்டுக்கும் போகும். சீக்கிரம் பிடிச்சா மூட்டைக் காப்பாத்தலாம். சித்தாவா, அலோபதியா என்ற பட்டிமன்றத்தை அப்புறம் வெச்சுக்கலாம். ரெண்டுமே பார்க்கறீங்கன்னா இவர்கிட்ட அவர் மருந்தையும் அவர்கிட்ட இவர் மருந்தையும் மறைக்காம சொல்லிடுங்க.

இது எதுவுமே செய்ய நேரமில்லை, ஹாஸ்டல்ல மொட்டை மாடிக்குப் பூட்டு போட்டுட்டாங்க என்றால், வெட்பாலைத் தைலம் ரெடிமேடாவே சித்த மருந்துக் கடைகள்ல கிடைக்கும். லேபிள்ல தயாரிப்பு லைசென்ஸ் நம்பரும் தேதியும் இருக்கா என்று பார்த்து வாங்குங்க. சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா காலையில சீக்கிரமே கிளம்பிடுங்க, கூட்டம் அள்ளும். தனியா போகக் கூச்சமா இருந்தா அந்த முழுக்கை சட்டைக்காரனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. 'எனக்கும் தலையில ஏதோ உதிருதுடா, துணைக்கு வா' என்று கூப்பிட்டா மறுக்க மாட்டான்.

அப்புறம் ஒரு விஷயம். இந்த ஊதா துணியில பட்டா லேசுல போகாது. பழைய தலையணை உறையா பார்த்து எடுத்து வெச்சுக்கோங்க. ரூம்மேட்டோடதை எடுக்காதீங்க!